மெல்லிசு ஸ்பானர்

இரண்டு கார்புரேட்டர்களையும் முழுதாகக் கழற்றினால் நாற்பத்தாறு உருப்படிகள் வரும். இடதுக்கு இருபத்துமூன்று, வலதுக்கு இருபத்துமூன்று. மூடி, மூடியின் வளையம், சுருள்வில், சறுக்குக் கட்டை, ஊசி, ஊசியைப் பிடிக்கும் கிளிப், மிதவை, மிதவைக் கிண்ணம் என்று இன்றைக்கும் என்னால் வரிசை தப்பாமல் சொல்ல முடியும். ஆறாம் வகுப்பில் நீங்களெல்லாம் பதினாறாம் வாய்ப்பாட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது நான் மனப்பாடம் செய்தது இதைத்தான்.

அந்த வருஷம் நான் மூன்று வாரம் பள்ளிக்கூடம் வரவில்லை. காரணம் உங்கள் எல்லோருக்கும் தெரியும். திரும்பி வந்த அன்று கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி, "பெரிய மனுஷி வாறாங்க, எந்திரிங்கடி" என்றாள். வாத்தியார் கேட்காதவர் மாதிரி கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். போகும்போது ஸ்டோர் வீட்டிலிருந்து போன நான், திரும்பி வந்தபோது பத்தாம் நம்பர் லயத்து ஒற்றை அறையிலிருந்து வந்தேன் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

போன மாதம் நம்மில் இரண்டு பேர், நாட்டை விட்டுப் போகிற கப்பலைப் பிடிக்கத் தலைமன்னாருக்குப் புறப்பட்டு, றொசல்ல ஸ்டேஷனில் நின்றார்கள். வழியனுப்பப் போயிருந்தேன். அவர்களில் ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனி எப்ப பாக்கப் போறமோ. கேக்குறேன்னு கோவிச்சுக்காத. உங்கப்பா குடிச்சிட்டுத்தானே சின்னத்துரை மோட்டார் சைக்கிள கெடுத்தாரு?" என்றாள். ரயில் வந்துவிட்டது. பதில் சொல்ல நேரமில்லை.

நான் இப்போது மருந்து கலக்கப் படித்து, ஓர் ஆஸ்பத்திரியில் அந்த வேலையிலேயே இருக்கிறேன். எதையும் வரிசைப்படுத்தி எழுதுவது தொழிலோடு ஒட்டிக்கொண்ட பழக்கம். அந்தப் பதிலையும் அப்படியே எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் அப்பா. அவர் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், இஞ்சின் டிரைவர். கொழுந்து அரைக்கும் ரோலர்களை ஓட்டுகிற பெரிய எண்ணெய் இஞ்சின் அவர் பொறுப்பு. நமக்கெல்லாம் அந்த இஞ்சின் சத்தம் தூரத்து இடி. அவருக்கு அது கையெட்டும் தூரத்தில், பதினெட்டு வருஷம்.

எனக்குப் பத்து வயசாக இருந்தபோது அப்பாவின் காது போகத் தொடங்கியது. ஒரேயடியாகப் போகவில்லை. முதலில் மெல்லிய சத்தங்கள் போயின: குருவி, கேத்தல் கொதிக்கும் விசில், முதுகுக்குப் பின்னாலிருந்து நான் கூப்பிடுவது. பிறகு பேச்சில் பாதி. இஞ்சின் அறையில் எல்லோருமே கத்தித்தான் பேசுவார்கள் என்பதால் அங்கே யாரும் கண்டுபிடிக்கவில்லை. பெரிய இஞ்சினைக் கவனிக்க அவருக்குக் காது தேவைப்படவுமில்லை. வெறும் பாதத்தைத் தரையில் அழுத்தி நின்று, "நாலாவது பேரிங்கு காயுது" என்பார். தொட்டுப் பார்த்தால் சுடும். ஸ்டோரை நடத்துகிற டீமேக்கர் ஐயா, அதைப் பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், "நம்ம டிரைவருக்குக் காதுதான் மீட்டர்" என்று பெருமையாகச் சொல்வார்.

காது கேட்காதவனை இஞ்சின் அறையில் வைத்திருக்க மாட்டார்கள். இஞ்சின் அறை இல்லையென்றால் ஸ்டோர் வீடும் இல்லை. அம்மா மூன்று விதிகள் போட்டாள். ஒன்று, அப்பாவிடம் பேசும்போது முகத்துக்கு நேரே நிற்க வேண்டும். இரண்டு, யாராவது வந்தால் நான் அவர் பக்கத்தில் உட்கார வேண்டும். மூன்று, அத்தைக்குத் தெரியக்கூடாது. அத்தை அப்பாவின் தங்கை, கீழ் லயத்தில் இருந்தாள். அவளுக்குக் காலையில் தெரிந்தது மத்தியானக் கொழுந்து நிறுக்கும்போது எல்லா மலைக்கும் தெரிந்துவிடும். அப்பா தனக்கென்று ஒரு விதி வைத்திருந்தார். புரியாவிட்டால் தலையாட்டிச் சிரிப்பது. நாங்கள் மூன்று பேரும் அந்தத் தலையாட்டலை வைத்தே இரண்டு வருஷம் ஓட்டினோம்.

தோட்டத்து உதவி மேனேஜரான சின்னத்துரையின் மோட்டார் சைக்கிள் உலகப் போருக்கு முந்தியது. நான்கு துரைமார் கைமாறி அவரிடம் வந்திருந்தது. இரண்டு சிலிண்டர், சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு கார்புரேட்டர். காற்றையும் பெட்ரோலையும் கலந்து உள்ளே அனுப்பும் பித்தளைக் குடுவைகள், அவ்வளவுதான். ஆனால் இரண்டும் ஒரே அளவு மூச்சு இழுக்க வேண்டும். ஒன்று கூட இழுத்தால் மற்றது சும்மா இருக்கும். வண்டி ஏற்றத்தில் முனகும். "நம்ம டிரைவரோட காதுக்கு இது சின்ன வேலை" என்று டீமேக்கர் ஐயாதான் சின்னத்துரையிடம் சிபாரிசு செய்தார். அப்பா தலையாட்டிச் சிரித்தார். வண்டி எங்கள் வீட்டுக் கொட்டகைக்கு வந்துவிட்டது.

அது தை மாதம். மழை விட்டு, நல்லதண்ணிக்குப் போகும் பஸ்கள் மலை யாத்திரைக் கூட்டத்தோடு ஓடத் தொடங்கியிருந்தன. மழைக்காலம் முழுக்க வண்டி பங்களா ஓரத்தில் நனைந்து கிடந்ததால், இரண்டையும் அடியோடு பிரித்துப் பூட்ட வேண்டியிருந்தது. கொட்டகையில் சாக்கு விரித்து, அதன்மேல் அம்மாவின் பழைய வெள்ளைச் சேலைத் துண்டைப் போட்டு, உருப்படிகளை இரண்டு வரிசையாக அடுக்குவது என் வேலை. இடது இடதோடு, வலது வலதோடு. கலக்கவே கூடாது. இருபது வருஷம் ஒன்றோடொன்று தேய்ந்து பழகிய சாமான்களை மாற்றிப் போட்டால் இரண்டு பக்கமும் கெடும் என்பார் அப்பா.

பெட்ரோலில் கழுவும்போது காலைக் குளிரில் விரல்கள் மரத்துப்போகும். பிறகு ஜெட். நடுவில் மயிரளவு ஓட்டை உள்ள சின்னப் பித்தளைத் திருகு அது. ஓட்டையில் அழுக்கு அடைத்தால் நான் கம்பியைத் தேடுவேன்.

"கம்பிய விடாத பாப்பா. ஓட்ட பெருசாயிருச்சுன்னா அப்பறம் அது ஜெட் இல்ல, மூக்குத்தி. ஊது."

வாயில் வைத்து ஊதி, வானத்துக்கு நேரே பிடித்து, ஓட்டை வழியே வெளிச்சம் வட்டமாகத் தெரிகிறதா என்று பார்ப்பேன். நாக்கில் பெட்ரோலும் பித்தளையும் கலந்த ருசி சாயங்காலம் வரை இருக்கும். மிதவையைக் காதருகே ஆட்டிப் பார்ப்பதும் என் வேலை. இடது மிதவை களக் களக் என்றது. உள்ளே பெட்ரோல் புகுந்திருக்கிறது. கொதிதண்ணீரில் அமுக்கினோம், ஊசிமுனைக் குமிழ் ஒன்று ஓட்டையைக் காட்டிக்கொடுத்தது. அப்பா ஈயம் வைத்து அடைத்தார். அவர் கை நடுங்கியதே இல்லை.

சமன் பார்க்கும் வேலைக்கு ஒரு ரப்பர் குழாய் வைத்திருந்தோம். டிஸ்பென்சரியில் கழித்துப் போட்டது. ஒரு முனையை என் காதில் வைத்து, மறு முனையைக் கார்புரேட்டரின் வாயருகே பிடித்தால், அது காற்று இழுக்கும் சீறல் கேட்கும். இடது, பிறகு வலது. எது அதிகமாகச் சீறுகிறதோ அந்தப் பக்கத்துக் கட்டைவிரலைத் தூக்குவேன். அப்பா திருகைக் கொஞ்சம் திருப்புவார். இரண்டும் ஒன்றானதும் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொள்வேன். அதுதான் முடிந்தது என்பதற்கு அடையாளம்.

ஒரு தடவை சின்னத்துரை பார்த்துவிட்டு, "டிரைவர், இந்தக் குட்டி என்னா, டாக்டரா?" என்று சிரித்து எனக்கு ஒரு டொபி கொடுத்தார். நான் விளையாடுவதாக நினைத்துவிட்டார். அத்தைக்கு அந்தக் குழாய் பிடிக்கவில்லை. "அது யார் யாருக்கு எங்கெங்க போயிட்டு வந்த கொழாயோ. அதப் போயி காதுல வைக்கிறா பாரு, கருமம்" என்றாள். அவளும் விளையாட்டென்றே நினைத்தாள்.

இனி ஸ்பானர். ஒவ்வொரு கார்புரேட்டரையும் இஞ்சினோடு பிடித்திருப்பவை இரண்டு நட்டுகள். வெளிப்பக்கத்து நட்டு சுலபம். உள்பக்கத்து நட்டுக்கும் இஞ்சினுக்கும் இடையில் என் சுண்டுவிரல்கூட நுழையாது. கடைகளில் விற்கிற ஸ்பானர் எதுவும் அதில் போகாது. அப்பா ஒரு பழைய சின்ன ஸ்பானரை எடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அரத்தால் தேய்த்து, தகடு மாதிரி ஆக்கினார். மெல்லிசு ஸ்பானர் என்று அதற்குப் பெயர். உள்நட்டை முடுக்க உலகத்தில் அது ஒன்றுதான் இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை இரண்டு கார்புரேட்டர்களையும் பூட்டி, நட்டுகளை விரலால் மட்டும் திருகி வைத்திருந்தோம். இறுக்குவதும் சமன் பார்ப்பதும் சனிக்கிழமைக்கு என்று பேச்சு. அன்று மத்தியானம் எனக்கு வயிறு வலித்தது. எழுந்தபோது சாக்கில் இரத்தம். அம்மா வந்து பார்த்தாள். அதன் பிறகு கொட்டகைப் பக்கம் நான் போகவில்லை.

மாமா வந்து வீட்டுக்குப் பின்னால் மானாப்புல்லும் கருப்பந்தைல மரத்துக் கொப்பும் வைத்துக் குச்சு கட்டினார். பதினாறு நாள். ஆம்பிளைகள் யாரும் என் முகத்தைப் பார்க்கக்கூடாது, அப்பாவும்தான். முதல் தண்ணீர் ஊற்றியது அத்தை. காவலும் அவள்தான். காத்துக் கருப்பு அண்டாமல் இருக்க இரும்பு ஒன்று பக்கத்தில் இருக்க வேண்டும் என்று தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியைக் கொண்டு வந்தாள்.

"வேணாம் மதினி" என்றாள் அம்மா. "தூக்கத்துல கைய கிய்ய கிழிச்சிக்குவா. சின்னதா ஏதாவது பாக்குறேன்."

அம்மா கொட்டகைக்குப் போய், பெட்டியில் இருந்ததிலேயே சின்னதான இரும்பை எடுத்து வந்து என் தலைமாட்டில் வைத்தாள். விளக்கில்லாத குச்சுக்குள் கையால் தடவினேன். அரம் பட்ட விளிம்பு தெரிந்தது. மெல்லிசு ஸ்பானர்.

மறுநாள் காலை உளுந்தங்களியோடு வந்த அம்மாவிடம் சொன்னேன். அம்மா பதறவில்லை. "தீட்டுப் பட்டுப்போச்சே. இனி பதினாறாம் நாள்தான் எடுக்கலாம். அப்பாகிட்ட சொல்லிடுறேன், வேற வழி பாத்துக்குவாரு." அன்று சாயங்காலம் அடுப்படியில் அவள் சொன்னது எனக்குப் புல் வழியே கேட்டது. பக்கத்தில் அத்தை இருந்ததால் மெதுவாகச் சொன்னாள்: "என்னங்க, அந்த மெல்லிசு ஸ்பானரு புள்ளகிட்ட இருக்கு. தேடாதீங்க." பிறகு என்னிடம் வந்து, "சொல்லிட்டேன். தலையாட்டிட்டாரு" என்றாள்.

விதிகளைப் போட்டவளே அந்தத் தலையாட்டலை நம்பினாள். சடங்குச் சாமான், மாமன் சீர், சொல்லியனுப்ப வேண்டிய வீடுகள் என்று அவள் தலையில் அப்போது நூறு வேலை. பழி சொல்லவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை அம்மா சாமான் வாங்கக் கினிகத்தேனைக்குப் போயிருந்தாள். சின்னத்துரை சனிக்கிழமை வரை பொறுக்கவில்லை. மத்தியானம் வண்டி வேண்டும் என்று காலையிலேயே ஆள் அனுப்பிவிட்டார். கொட்டகையிலிருந்து சத்தங்கள் வந்தன. ஸ்பானர் பெட்டியைத் திறந்தார். ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். பெட்டியைக் கவிழ்த்தார். சாக்கை உதறினார். சாமான்களை எடுத்து வைப்பவள் நான். என்னிடம்தான் கேட்க வேண்டும். கேட்க முடியாது. பிறகு டிங், டிங் என்று உளியின் சத்தம். உள்நட்டை உளி வைத்துத் தட்டித் திருப்பிக்கொண்டிருந்தார்.

"அத்தை, இத அப்பாகிட்ட குடுத்திருங்க."

"ஏண்டி, புத்தி பெரண்டுபோச்சா? தீட்டு இரும்பு. மஞ்சத்தண்ணி ஊத்துன பெறகுதான் வெளிய வரணும்."

"இது ஒன்னுதான் அந்த நட்டுல போகும் அத்தை."

"அப்ப ஒங்கப்பன் வந்து கேக்கட்டும், குடுக்குறேன்."

"இங்க இருக்குன்னு அவருக்குத் தெரியாது."

"தெரியாதா? முந்தாநேத்து ஒங்கம்மா என் முன்னாலதான சொன்னா? அண்ணன் தலையாட்டுனாரே, ரெண்டு கண்ணால பாத்தேன். காதுல விழாத மாதிரியா சொன்னா?"

அத்தை கேட்ட கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. நான் அதைச் சொல்லவில்லை. மூன்றாவது விதி. ஸ்பானரைத் தலைமாட்டில் வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

மத்தியானம் சின்னத்துரையும் டீமேக்கர் ஐயாவும் வந்தார்கள். நான் எதையும் பார்க்கவில்லை. எல்லாம் கேட்டதுதான்.

"என்னா டிரைவர், எல்லாம் முடிஞ்சா?"

"முடிஞ்சிருச்சுங்க துரை."

வண்டி இரண்டாம் மிதியில் உயிர் பிடித்தது. உடனே அந்த விசில். மெல்லியது, கூர்மையானது. நட்டு இறுகாத இடத்தில் காற்றுக் கசிந்தால் வரும் சத்தம். இடது சிலிண்டர் தடுமாறிக்கொண்டிருந்தது. இரண்டின் ஓட்டத்தையும் தனித்தனியே கேட்க எனக்குப் பழக்கம். அரைச் சுற்று முடுக்கினால் நின்றுவிடும். அந்தச் சத்தம் அப்பாவின் காதிலிருந்து முதலில் போன சத்தங்களில் ஒன்று.

"இது என்னா சத்தம்? கேத்தல் மாதிரி?"

"ஆமாங்க துரை. நல்லா கழுவிப் போட்டிருக்குங்க."

டீமேக்கர் ஐயா சிரித்தார். "டிரைவர் வெளையாடுறாரு."

"விசில் மேன், விசில்! எந்தப் பக்கம்?"

"கீழ எறங்குறதுன்னா சொல்லுங்க துரை. ஊசிய ஒரு வெட்டு தூக்கிவிடுறேன்."

எனக்கே தெரியாமல் என் இடது கை மானாப்புல்லைப் பிரித்து வெளியே போயிருந்தது. கட்டைவிரலைத் தூக்கிப் பிடித்திருந்தேன். கொட்டகை அந்தப் பக்கம். அப்பா இந்தப் பக்கம் பார்த்திருக்கவே முடியாது. அத்தை கையில் பட்டென்று அடித்தாள். "உள்ள இழுடி! ஆம்பளைங்க நிக்கிறாங்க!"

இஞ்சின் நின்றது. பூட்ஸ் சத்தம் ஒரு வட்டம் அடித்தது.

"டிரைவர்."

பூட்ஸ் ஓர் அடி நெருங்கியது.

"டிரைவர்!"

பிறகு யாரோ கனமான இரும்பு ஒன்றைக் கல்லில் போட்டார்கள். குச்சுக்குள் நான் துள்ளிவிட்டேன். அத்தை, "சனியனே, என்னா சத்தம்" என்றாள். அப்பா துள்ளியிருக்க மாட்டார். ஏனென்றால் அடுத்ததாக டீமேக்கர் ஐயாவின் குரல், "ஐயோ" என்று மட்டும் கேட்டது. வண்டி மறுபடி கிளம்பி, விசிலடித்துக்கொண்டே ரோட்டில் இறங்கியது. ஏழு வளைவு வரைக்கும் எனக்குக் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை டீமேக்கர் ஐயா மறுபடி வந்தார். எங்கள் வீட்டில் அப்பாவிடம் ஒருவர் கத்திப் பேசியது அன்றுதான் முதல் தடவை.

"பெரிய துரை சொல்லிட்டாரு! சடங்கு முடியிற வரைக்கும் வீட்டுல இருக்கலாம்! அதுக்கப்பறம் கவ்வாத்து வேலைக்கு! என்ன அப்பிடிப் பாக்காத டிரைவர், நீயே சொல்லு! ரோலர்ல ஒரு புள்ளயோட கை மாட்டி அது கத்துனா, இஞ்சின நிப்பாட்ட வேண்டிய ஆளு யாரு? ஒனக்குக் கேக்குமா?"

அப்பா சொன்னார். "கேக்காதுங்க."

அதை அவர் வாயால் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

டீமேக்கர் ஐயா சொன்னதில் தப்பில்லை என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. இரண்டு வருஷம் நாங்கள் மூன்று பேரும் வீட்டை நினைத்தோம், வேலையை நினைத்தோம். ரோலரில் கொழுந்து தள்ளிக்கொண்டிருந்த கைகளை ஒரு தடவைகூட நினைக்கவில்லை. அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்பதை இதில் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

குடித்தது என்ற கதை அத்தையுடையது. விஷயம் தெரிந்ததும் அவள் அழுதாள், பிறகு அம்மாவிடம் சொன்னாள்: "செவிடுன்னு வெளிய போச்சுன்னா நாளைக்கு இந்தப் புள்ளய யாரு கட்டுவா மதினி? குடின்னா எல்லா வீட்லயும் உள்ளதுதானே. நாலு நாளு பேசுவாங்க, விட்டுருவாங்க." மறுநாள் மத்தியானத்துக்குள் எல்லா மலைக்கும் தெரிந்துவிட்டது. அப்பா வாழ்க்கையில் குடித்ததில்லை. அவருக்குக் காது மந்தம் என்று பிறகு தெரிந்துகொண்டவர்களும் பழைய காரணத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

பதினாறாம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். ஸ்பானருக்கும் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். குச்சைப் பிரித்து எரித்தபோது கருப்பந்தைல வாசம் வீடெல்லாம் பரவியது. மாமா கொண்டு வந்த அரக்குச் சேலையைக் கட்டி, என்னை மணையில் உட்காரவைத்தார்கள். ஸ்பானர் என் மடியில் இருந்தது. யாரும் அதை வாங்கவில்லை. சாமான்களை மூட்டை கட்டிச் சுவரோரம் அடுக்கியிருந்தார்கள். வந்தவர்கள் அவற்றைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

அப்பா கடைசியாக வந்தார். அட்சதை போட்டார். கை என் தலையிலிருந்து இறங்கும்போது மடியில் இருந்ததைப் பார்த்தார். எடுத்து, அரம் பட்ட விளிம்பில் விரலை ஓட்டினார். அது எங்கே இருந்தது, எதற்காக இருந்தது என்பதெல்லாம் அவருக்கு அந்த ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. வண்டி அதற்குள் நகரத்தில் வேறு யாரிடமோ போயிருந்தது. அவர் அதை மறுபடி பார்க்கப்போவதில்லை.

அவர் சேலையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். பிறகு யாருக்கும் தெரியாமல் இடுப்பளவில் வலது கட்டைவிரலைத் தூக்கினார். அதை மடக்கி, இடது கட்டைவிரலைத் தூக்கினார். எந்தப் பக்கம் என்று புருவத்தை உயர்த்தினார்.

நான் இடது கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன்.

அப்பா தலையாட்டினார். இந்தத் தடவை அவருக்குப் புரிந்திருந்தது. நான் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டேன்.